பொரியாத முட்டைகள்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டத் தட்டு. திராட்சைச் சாற்றையும் அகாரையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிய கூழ் அதில் கருஞ்சிவப்பாக உறைந்திருக்கிறது. நடுவில் ஒரு பொட்டு ஈஸ்ட் விழுது. முந்தைய நாள் மாலை இந்தத் தட்டின் மேல் பழ ஈக்களை விட்டுக் கூண்டால் மூடிவைத்திருந்தார்கள். காலையில் ஈக்களை எடுத்துவிட்டுத் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், நொய்யரிசி சிதறியதுபோல முட்டைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் நீளம். முன்முனையில் மூச்சுக்குழல் போல இரண்டு மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் ஒரு பழ ஈயின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு நாள் போதும். மறுநாள் தட்டைப் பார்த்தால் முட்டைகள் வெற்று ஓடுகளாகச் சுருங்கிக் கிடக்கும். ஈஸ்ட் விழுதுக்குள் புழுக்கள் நெளியும். பக்கத்துத் தட்டில் நிலைமை வேறு. அங்கே முட்டைகள் அப்படியே முழுதாகக் கிடக்கின்றன. இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் சில பழுப்பு நிறமாக மாறும். புழு எதுவும் வராது.

கோழி வளர்ப்பவர்கள் அடைவைத்துப் பொரியாத முட்டையைக் கூழ்முட்டை என்பார்கள். சேவல் சேராமல் இட்ட முட்டை பொரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டாவது தட்டில் உள்ள முட்டைகளில் ஆண் ஈயின் விந்தணு நுழைந்திருக்கிறது. தாய் ஈ ஆரோக்கியமானது. தந்தை ஈயும் ஆரோக்கியமானதுதான். தந்தையை வேறொரு பெண் ஈயோடு சேர்த்தால் புழுக்கள் நன்றாகவே பிறக்கும். அப்படியென்றால் இந்த முட்டைகளைக் கொன்றது எது?

விடை, அந்தத் தந்தை ஈயின் விதைப்பையில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா உண்டாக்கிய புரதம். அந்த பாக்டீரியா முட்டைக்குள் வரவேயில்லை. கொலை நடந்த இடத்தில் கொலையாளி இல்லை. இந்த விடையைக் கண்டுபிடிக்க அறிவியலுக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பாஸ்டன் கொசுவும் பர்மியக் கிராமமும்

1924இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மார்ஷல் ஹெர்டிக், பர்ட் வோல்பாக் ஆகிய இருவர் பூச்சிகளுக்குள் வாழும் நுண்ணுயிர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். க்யூலெக்ஸ் கொசுவின் சினைப்பையிலும் விதைப்பையிலும், செல்களுக்குள்ளேயே ஒட்டி வாழும் மிகச் சிறிய பாக்டீரியாக்களை அவர்கள் கண்டார்கள். கொசுவுக்கு அவற்றால் நோய் வந்ததாகத் தெரியவில்லை. 1936இல் ஹெர்டிக் அந்த பாக்டீரியாவுக்கு வோல்பாக்கியா பிப்பியெண்டிஸ் என்று தன் சகாவின் பெயரையே சூட்டினார். அதன்பிறகு அதைப் பற்றிப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

1950களில் ஜெர்மனியில் ஹான்ஸ் லாவன் என்ற விஞ்ஞானி வேறொரு திசையிலிருந்து இதே புதிரை வந்தடைந்தார். அவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து க்யூலெக்ஸ் கொசுக்களைக் கொண்டுவந்து கலந்து வளர்த்தார். இந்தக் கொசு தன் முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீரில் சிறு தெப்பம்போல மிதக்கவிடும். ஒரு தெப்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். சில ஊர்க் கொசுக்களைச் சேர்த்தால் தெப்பம் முழுவதும் பொரிந்தது. வேறு சில ஊர்க் கொசுக்களைச் சேர்த்தால் தெப்பம் முழுவதும் வீணானது. அதைவிட விந்தை என்னவென்றால், ‘அ’ ஊர் ஆணும் ‘ஆ’ ஊர்ப் பெண்ணும் சேர்ந்தால் முட்டை பொரியாது. ‘ஆ’ ஊர் ஆணும் ‘அ’ ஊர்ப் பெண்ணும் சேர்ந்தால் பொரியும். குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள் மட்டும் காரணம் என்றால் இப்படி ஒருவழிப் பாதையாக நடக்காது. இந்தப் பண்பு தாய்வழியாக மட்டுமே இறங்குவதை லாவன் காட்டினார். முட்டையின் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில்தான் காரணம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, சைட்டோபிளாசப் பொருத்தமின்மை என்று அதற்குப் பெயர் வைத்தார்.

லாவன் அதோடு நிற்கவில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை இந்தப் பொருத்தமின்மையாலேயே ஒழிக்க முடியுமா என்று பார்த்தார். பர்மாவில் ரங்கூனுக்கு அருகிலுள்ள ஓக்போ என்ற கிராமத்தில், உள்ளூர்ப் பெண் கொசுக்களோடு பொருந்தாத ஆண் கொசுக்களைத் தொடர்ந்து விடுவித்தார்கள். ஆண் கொசு கடிக்காது. ஆகவே ஊருக்குத் தொல்லையில்லை. சில மாதங்களில் அந்தக் கிராமத்துக் கொசுக்கள் இட்ட முட்டைத் தெப்பங்கள் பொரியாமல் போயின. இந்த முடிவை அவர் 1967இல் வெளியிட்டார். மருந்து தெளிக்காமல் ஓர் ஊரின் கொசுவைக் குறைத்துக் காட்டிய அந்த நேரத்தில்கூட, முட்டைகள் ஏன் சாகின்றன என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் யென், பார் என்ற இருவர் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கண்டார்கள். கொசுக்களின் வோல்பாக்கியாவை டெட்ராசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக் மருந்தால் அழித்துப் பார்த்தார்கள். மருந்து தந்த ஆண் கொசுக்களால் எந்தப் பெண்ணின் முட்டைக்கும் கேடு வரவில்லை. மருந்து தந்த பெண் கொசுக்களோ, வோல்பாக்கியா உள்ள ஆணோடு சேர்ந்தபோது முட்டைகளை இழந்தன. ஹெர்டிக் கண்ட அந்த அமைதியான பாக்டீரியாதான் காரணம் என்பது உறுதியானது.

விதி இப்போது எளிமையாகத் தெரிந்தது. தந்தையிடம் வோல்பாக்கியா இருந்து தாயிடம் இல்லாவிட்டால் முட்டை சாகும். தாயிடமும் அதே வகை வோல்பாக்கியா இருந்தால் முட்டை பிழைக்கும். பாக்டீரியாவின் பார்வையில் இதன் லாபத்தைக் கவனியுங்கள். வோல்பாக்கியா தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போக முடியும். விந்தணு முதிரும்போது தன் உடலிலிருந்த சைட்டோபிளாசத்தையெல்லாம் களைந்து எறிகிறது. அதோடு வோல்பாக்கியாவும் வெளியே போய்விடுகிறது. ஆகவே ஆண் ஈ அதற்கு முட்டுச்சந்து. அந்த ஆணைக்கொண்டே, தன்னைச் சுமக்காத பெண்களின் வம்சத்தை அழித்து, தன்னைச் சுமக்கும் பெண்களின் வம்சத்தை அது பெருக்குகிறது. கலிஃபோர்னியாவின் பழ ஈக்களிடையே 1980களில் வோல்பாக்கியா ஆண்டுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வடக்கு நோக்கிப் பரவியதை மைக்கேல் டுரெல்லியும் ஆரி ஹாஃப்மனும் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டு சீர்வரிசை, ஒரே மணமேடை

முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கருவின் முதல் மணிநேரத்துக்குள் போக வேண்டும்.

பழ ஈயின் கரு வளரும் வேகம் மலைக்க வைக்கும். முதல் சில மணிநேரத்துக்கு அது செல்களாகப் பிரிவதில்லை. உட்கரு மட்டும் எட்டு, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகிறது. இப்படிப் பதின்மூன்று சுற்று. அதன் முடிவில் சுமார் ஆறாயிரம் உட்கருக்கள் முட்டையின் ஓரமாக வரிசை பிடித்து நிற்கும். பிறகுதான் சுவர் எழும்பிச் செல்கள் உருவாகும். இவ்வளவுக்கும் ஆதாரம் முதல் பிரிவு. அது தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறும்.

அந்த முதல் பிரிவுக்குத் தாயின் குரோமோசோம்களும் தந்தையின் குரோமோசோம்களும் சமமாகத் தயாராக வேண்டும். இதில் தந்தையின் பக்கம் வேலை அதிகம். விந்தணுவின் தலை மிகச் சிறியது என்பதால், அதற்குள் டி.என்.ஏ.வைப் புரோட்டமைன் என்ற புரதங்கள் இறுக்கிக் கட்டி வைத்திருக்கின்றன. பயணத்துக்குப் பெட்டியில் திணித்து மடித்த பட்டுப் புடவை மாதிரி. முட்டைக்குள் நுழைந்தவுடன் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். புரோட்டமைன்களை நீக்கி, தாய் முட்டைக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்ற வேண்டும். பிறகு டி.என்.ஏ.வைப் படியெடுத்து, பிரிவுக்கு ஏற்றபடி மீண்டும் சுருட்ட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில்.

பொருத்தமின்மை உள்ள முட்டையில் இந்த வேலை தாமதப்படுகிறது. தாயின் குரோமோசோம்கள் தடித்துத் தயாராகி நிற்கும்போது, தந்தையின் குரோமோசோம்கள் இன்னும் நூலாகவே கிடக்கின்றன. கரு காத்திருப்பதில்லை, பிரிவு தொடங்கிவிடுகிறது. தாயின் குரோமோசோம்கள் ஒழுங்காக இரு துருவங்களுக்கும் போகின்றன. தந்தையின் குரோமோசோம்கள் பிரிய முடியாமல், நடுவில் இழுபட்டுப் பாலம்போலத் தொங்குகின்றன. நிறமேற்றிய கருவை நுண்ணோக்கியில் பார்த்தால், இரு ஒளிப்புள்ளிகளுக்கு நடுவே கிழிந்த நூல் போல அது தெரியும். அந்தக் கரு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

இது வெறும் நேரப் பிழை என்பதை 2002இல் உறுதிசெய்தவர்கள் உயென் டிராம், வில்லியம் சல்லிவன் ஆகிய இருவர். அவர்கள் எடுத்துக்கொண்ட பிராணி நாசோனியா என்ற சிறு குளவி. தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் ஒரே நேரத்தில் உறை கழற்ற வேண்டியிருக்க, தந்தையுடையது பின்தங்குவதை அவர்கள் காட்டினார்கள். இந்தக் குளவியில் இன்னொரு வேடிக்கை உண்டு. குளவிகளில் தந்தையின் குரோமோசோம் இல்லாமல் பிறப்பது ஆண். ஆகவே தந்தையின் பங்கு தொலைந்துபோன நாசோனியா முட்டை பல நேரங்களில் சாகாமல் ஆண் குளவியாகப் பிறந்துவிடுகிறது. பழ ஈக்கு மரணம், குளவிக்கு ஆண்பிள்ளை. காரணம் ஒன்றுதான்.

இரண்டு மரபணுக்கள்

பாக்டீரியா என்ன செய்கிறது என்பது தெரிந்துவிட்டது. எதைக்கொண்டு செய்கிறது என்பது தெரியவில்லை. இதைக் கண்டறிவது ஏன் இத்தனை கடினமாக இருந்தது? வோல்பாக்கியாவைத் தனியாக ஒரு தட்டில் வளர்க்க முடியாது. அது செல்லுக்குள் மட்டுமே வாழும். மற்ற பாக்டீரியாக்களில் செய்வதுபோல ஒரு மரபணுவை வெட்டியெடுத்து விளைவைப் பார்க்கும் வழி அதில் இல்லை.

எனவே ஆய்வாளர்கள் தலைகீழாக யோசித்தார்கள். பாக்டீரியாவிலிருந்து மரபணுவை எடுக்க முடியாவிட்டால், அந்த மரபணுவை ஈக்குள் வைத்துப் பார்க்கலாம். 2017இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேத் போர்டன்ஸ்டீன் குழுவும், யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாக்ஸ்ட்ராஸர் குழுவும் தனித்தனியே ஒரே விடையை அடைந்தன. வோல்பாக்கியாவே இல்லாத பழ ஈக்களை எடுத்து, அவற்றின் ஆண்களின் விதைப்பையில் வோல்பாக்கியாவின் இரண்டு மரபணுக்கள் மட்டும் வேலை செய்யும்படி மாற்றினார்கள். வாண்டர்பில்ட் குழு அவற்றை சிஃப்-ஏ, சிஃப்-பி என்றது. ஒன்றை மட்டும் வைத்தபோது முட்டைகள் பொரிந்தன. இரண்டையும் சேர்த்து வைத்தபோது முட்டைகள் சாகத் தொடங்கின. பாக்டீரியாவே இல்லாமல், அதன் இரண்டு புரதங்கள் போதும் என்று தெரிந்தது. அந்த ஆண்களோடு வோல்பாக்கியா உள்ள பெண்களைச் சேர்த்தபோது முட்டைகள் பிழைத்தன. இயற்கையின் விதி அப்படியே ஆய்வகத்தில் திரும்ப நடந்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு பாதி தெரியவந்தது. தாயின் உடலில் சிஃப்-ஏ மட்டும் இருந்தால் போதும். தந்தை செய்த கேட்டிலிருந்து முட்டை தப்பிவிடும். நோயைத் தரும் கூட்டணியில் இருக்கும் ஒன்றே மருந்தாகவும் இருக்கிறது.

சிஃப்-பி என்ன செய்யும்? செல்லுக்குள் ஒரு புரதத்தை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதன்மேல் ஒட்டப்படும் யூபிக்விட்டின் என்ற சிறு சீட்டு தீர்மானிக்கிறது. எதை அழிக்க வேண்டும், எதை இடம்மாற்ற வேண்டும் என்றெல்லாம் அந்தச் சீட்டைப் பார்த்தே செல் முடிவெடுக்கும். யேல் குழு ஆராய்ந்த புரதம் அந்தச் சீட்டைக் கிழித்தெறியும் கத்தரி. கத்தரியின் கூர்முனையான ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதும் முட்டைகள் சாவது நின்றது. வோல்பாக்கியாவின் வேறு சில வகைகளில் இதே இடத்தில் இருக்கும் புரதம் டி.என்.ஏ.வையே வெட்டும் வகையைச் சேர்ந்தது. கருவி வேறு, பலன் ஒன்று.

இந்த மரபணுக்கள் வோல்பாக்கியாவுக்குச் சொந்தமா என்று தேடினால், கதை இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. அவை இருப்பது பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் குடியேறிய ஒரு வைரஸின் எச்சத்தில். ஈக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ், அந்த வைரஸின் மரபணு பிறக்கப்போகும் ஈயின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

இன்றுவரை ஒரு விவாதம் முடியவில்லை. ஒரு தரப்பு, சிஃப்-பி என்ற நஞ்சை விந்தணு தன்னோடு முட்டைக்குள் சுமந்து செல்கிறது, தாயின் சிஃப்-ஏ அதைப் பிடித்து முறிக்கிறது என்கிறது. இன்னொரு தரப்பு, விந்தணு உருவாகும்போதே அதன் டி.என்.ஏ. கட்டப்படும் விதம் கெடுக்கப்பட்டுவிடுகிறது, தாயின் சிஃப்-ஏ முட்டைக்குள் அதைச் சரிசெய்கிறது என்கிறது. சிஃப் புரதங்கள் முதிர்ந்த விந்தணுவில் இருப்பதற்கும், விந்தணுவில் புரோட்டமைன் கட்டு குறைவதற்கும் இரண்டுக்கும் ஆய்வகச் சான்றுகள் வந்திருக்கின்றன. இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கவும் கூடும்.

மகன்களை மட்டும் கொல்லும் புரதம்

வோல்பாக்கியா தந்தையின் வழியாகத் தாக்குகிறது. ஸ்பைரோபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியா தாயின் வழியாகவே வந்து, மகன்களை மட்டும் பொறுக்கிக் கொல்கிறது.

சுருள் வடிவமுள்ள இந்த பாக்டீரியா பழ ஈயின் உடல் திரவத்தில் நீந்துகிறது. தாய் தன் முட்டைக்கு மஞ்சள் கருவைச் சேர்க்கும்போது, அந்தப் பாதையிலேயே முட்டைக்குள் புகுந்துவிடும். பிறகு பெண் கருக்கள் வளரும்; ஆண் கருக்கள் சாகும். பெண்களை மட்டுமே பெறும் ஈக்களை 1950களிலேயே டொனால்ட் பவுல்சன் போன்றோர் கண்டு ஆராய்ந்திருந்தார்கள். ஒரு பாக்டீரியாவுக்கு ஆண் கருவையும் பெண் கருவையும் எப்படிப் பிரித்தறியத் தெரிகிறது என்பது அறுபது ஆண்டு காலக் கேள்வியாக இருந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தோஷியூகி ஹருமோட்டோ, புருனோ லெமைத்ர் இருவரும் 2018இல் விடை சொன்னார்கள். அவர்களுக்கு உதவியது ஒரு பிழை. ஆய்வகத்தில் வளர்த்த ஒரு ஸ்பைரோபிளாஸ்மா கிளை ஆண்களைக் கொல்லும் வலிமையை ஓரளவு இழந்திருந்தது. வலிமையுள்ள கிளையின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டபோது, ஒரே ஒரு மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்கு ஸ்பெய்டு என்று பெயரிட்டார்கள். அந்தப் புரதத்தைப் பாக்டீரியா இல்லாத ஈக்களில் உண்டாக்கிப் பார்த்தார்கள். ஆண்கள் எல்லாம் செத்தன. பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பெய்டு ஆண் கருவை அடையாளம் காண்பது அதன் உறுப்பைப் பார்த்து அல்ல, கணக்கைப் பார்த்து. பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இந்தக் குறையை ஈடுகட்ட, ஆண் ஈயின் கரு தன் ஒற்றை எக்ஸை இருமடங்கு வேலை வாங்குகிறது. அதற்கென ஒரு புரதக் கூட்டம் அந்த எக்ஸின் மேல் போய் உட்காரும். ஸ்பெய்டு அந்தக் கூட்டம் இருக்கும் இடத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் அந்த எக்ஸ் குரோமோசோம் பிரியும்போது கிழிபடுகிறது; டி.என்.ஏ. சிதைகிறது, செல்கள் தற்கொலை செய்துகொள்கின்றன. ஈடுகட்டும் அந்தக் கூட்டத்தைச் செயற்கையாகப் பெண் ஈயில் உண்டாக்கினால், பாக்டீரியா அந்தப் பெண்ணையும் கொல்கிறது. கரு தன்னைச் சமன்செய்துகொள்ளும் ஏற்பாட்டையே அது தன் குறியாக வைத்திருக்கிறது.

ஜப்பானில் மக்காச்சோளப் பயிரைத் துளைக்கும் ஆசிய அந்துப்பூச்சியை ஆராய்ந்த சுசுமு கட்சுமா குழு, 2022இல் வோல்பாக்கியாவின் வேறொரு புரதத்தை அறிவித்தது. அதற்கு ஆஸ்கர் என்று பெயர். அந்துப்பூச்சிகளில் ஆணை ஆணாக்குவதும், ஆணின் குரோமோசோம் கணக்கைச் சரிசெய்வதும் மாஸ்க் என்ற ஒரே புரதம். ஆஸ்கர் மாஸ்க்கைப் பிடித்து அழியச் செய்கிறது. கணக்குச் சரியாகாத ஆண் கரு சாகிறது. ஈயில் ஒரு பாக்டீரியா, அந்துப்பூச்சியில் வேறொரு பாக்டீரியா, இரண்டும் உறவில்லாதவை, ஆனால் இரண்டும் கருவின் அதே மெல்லிய இடத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இந்தப் போர் ஒருதலைப்பட்சமானதும் அல்ல. சமோவா தீவுகளில், இந்தியாவிலும் இலங்கையிலும் பறக்கும் ஹைப்போலிம்னஸ் போலினா என்ற வண்ணத்துப்பூச்சிகளிடையே, 2001இல் ஆண்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. வோல்பாக்கியா ஆண் கருக்களை அழித்துக்கொண்டிருந்தது. ஐந்தே ஆண்டுகளில், சில்வான் ஷார்லா குழு திரும்பிப் பார்த்தபோது ஆண்கள் நூற்றுக்கு நாற்பது அளவில் பறந்தன. பாக்டீரியா போகவில்லை. வண்ணத்துப்பூச்சியிடம் அதைச் சமாளிக்கும் மரபணு பரவியிருந்தது. பத்துத் தலைமுறைகளுக்குள் கருக்கள் தப்பிக்கக் கற்றுக்கொண்டன.

கட்டியெழுப்பும் புரதமும் உண்டு

இதுவரை சொன்னது எல்லாம் கொல்லும் கதைகள். பாக்டீரியாவின் புரதம் கேடு மட்டும்தான் செய்யும் என்று எண்ணி இந்த அத்தியாயத்தை விட்டு யாரும் போகக் கூடாது.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கேரன் கில்லமின் குழு வரிக்குதிரை மீன்களை வளர்க்கிறது. இந்த மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி. உள்ளுறுப்புகள் வெளியே தெரியும். முட்டையிலேயே கிருமி நீக்கி, ஒரு பாக்டீரியாவும் இல்லாத நீரில் வளர்த்த குஞ்சுகளை எடுத்தார்கள். முதல் மூன்று நாளில் அவற்றின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மற்ற குஞ்சுகளைப் போலவே இருந்தன. ஆறாம் நாளில் மற்ற குஞ்சுகளில் அந்தச் செல்கள் பெருகியிருந்தன. கிருமியற்ற குஞ்சுகளில் பெருகவில்லை. குடலில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் பெஃப்-ஏ என்ற ஒரே புரதத்தை நீரில் கலந்ததும் அந்தக் குறை சரியானது. 2016இல் ஜெனிஃபர் ஹாம்ப்டன் ஹில்லும் உடன் உழைத்தவர்களும் இதை வெளியிட்டார்கள். பின்னர் எலிக்குட்டிகளிலும் இதே போன்ற விளைவைக் கண்டார்கள்.

இன்னொரு சான்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. யானைக்கால் நோயைத் தரும் புழுவின் உடலிலும் வோல்பாக்கியா வாழ்கிறது. அங்கே அது கொலையாளி அல்ல, செவிலி. அதை டாக்சிசைக்ளின் மருந்தால் அழித்தால், தாய்ப்புழுவுக்குள் கருக்கள் வளராமல் நின்றுவிடும், புழு மலடாகும். அந்த நோயைத் தமிழ்நாட்டில் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவிலும் வோல்பாக்கியா இயல்பாகவே உண்டு. நம் சாக்கடையில் பிறக்கும் ஒரு கொசு யானைக்கால் புழுவைச் சுமக்கும்போது, அதற்குள் இரண்டு வோல்பாக்கியாக்கள் இருக்கின்றன. ஒன்று பொருந்தாத கருவை அழிப்பது; இன்னொன்று புழுவின் கருவை வளர்ப்பது.

தட்டிலிருந்து தெருவுக்கு

பொரியாத முட்டைகளை எண்ணியதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரைப் பார்க்கச் சொல்லலாம்.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி கொசுவில் இயல்பாக வோல்பாக்கியா இல்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ’நீல் தலைமையிலான குழு, பழ ஈயின் வோல்பாக்கியாவை இந்தக் கொசுவின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தி நிலைபெறச் செய்தது. வோல்பாக்கியா குடியிருக்கும் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. 2011 ஜனவரியில் கெய்ர்ன்ஸ் நகரத்தை ஒட்டிய இரண்டு குடியிருப்புகளில் இந்தக் கொசுக்களை விடுவித்தார்கள். அதன்பிறகு யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. சிஃப் புரதங்கள் வோல்பாக்கியா இல்லாத தாய்களின் முட்டைகளை வீணாக்கின. வோல்பாக்கியா உள்ள கொசுக்கள் சில மாதங்களில் அந்த வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டன.

யோக்யகர்த்தா நகரை 24 வட்டாரங்களாகப் பிரித்து, குலுக்கலில் 12 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, கொசு விட்ட வட்டாரங்களில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது. டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்பவர்கள் 86 சதவீதம் குறைந்திருந்தார்கள்.

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து பெற்ற வோல்பாக்கியா கொசுக்களை அந்த மையத்தார் உள்ளூர் ஈடிஸ் கொசுக்களோடு பல தலைமுறைகள் கலந்து, இங்குள்ள சூழலுக்கு ஏற்ற இரண்டு வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தார்கள். டெங்கு வார்டில் பிள்ளையோடு உட்கார்ந்த எவருக்கும் இந்த வேலையின் மதிப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களில் கண்டவை ஈ, கொசு, குளவி, வண்ணத்துப்பூச்சி, மீன் போன்றவற்றின் கருவிலோ குஞ்சிலோ நடந்தவை. சிஃப் புரதமும் ஸ்பெய்டும் பூச்சிகளின் கருவை நோக்கி உருவானவை. வோல்பாக்கியா மனித உடலில் குடியேறி வாழ்வதில்லை. அந்தக் கொசு கடித்தால் கருவுற்ற பெண்ணுக்குக் கேடு என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் கிடையாது. ஓர் ஆய்வகப் பிராணியில் கண்டதை அப்படியே மனிதக் கருவுக்கு ஏற்றிச் சொல்வது அறிவியலும் ஆகாது, நேர்மையும் ஆகாது.

ஆனால் பொதுவான பாடம் ஒன்று நிச்சயமாக இருக்கிறது. ஒரு கரு தன் தாய், தந்தை இருவரின் மரபணுக்களை மட்டும் படித்து வளர்வதாக நாம் நீண்டகாலம் எண்ணியிருந்தோம். தந்தையின் டி.என்.ஏ.வின் கட்டை எப்படி அவிழ்க்க வேண்டும், ஒற்றை எக்ஸ் குரோமோசோமை எப்படி ஈடுகட்ட வேண்டும் என்பவை எவ்வளவு நுட்பமான, எளிதில் குலையக்கூடிய வேலைகள் என்பதை நமக்குத் தெளிவாகக் காட்டியவற்றுள் இந்த பாக்டீரியாக்களின் புரதங்களும் உண்டு. எங்கே தொட்டால் கரு நிற்கும் என்று அவற்றுக்குத் தெரிந்த இடங்களை நாம் இன்னும் முழுதாக எண்ணி முடிக்கவில்லை.

அந்த எண்ணிக்கை இன்றும் அதே முறையில்தான் நடக்கிறது. திராட்சைச் சாற்றுத் தட்டு, ஒரு பொட்டு ஈஸ்ட், ஒரு நுண்ணோக்கி. பொரிந்தவை இத்தனை, பொரியாதவை இத்தனை என்று ஓர் ஆய்வு மாணவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கிறார். யோக்யகர்த்தாவில் டெங்குக் காய்ச்சல் குறைந்த கதை, அப்படிக் குறித்துவைத்த எண்களிலிருந்து தொடங்கியது.